சோமாசிக்கு சாட்சி உண்டா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் யூடியூபில் ஏதோ சமையல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்த எம்பனாடா நம்ம வீட்ல பண்ணலாமா?" என்று போனை நீட்டினாள். நான் எழுந்து பார்ப்பதற்குள் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது சோமாசில்லா. இதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேரு?"

"ஆச்சி, இங்கிலீஷ் இல்ல, ஸ்பானிஷ். உள்ள கறி இருக்கும்."

"கறி வச்சா கறிச் சோமாசி. அவ்வளவுதானே."

மகள் விடவில்லை. ஸ்பெயினிலிருந்து வந்தது, அர்ஜென்டினாவில் பிரபலம் என்று வீடியோவில் கேட்டதை எல்லாம் ஒப்பித்தாள். தங்கமணி அடுப்படியிலிருந்து, "எல்லாம் நம்ம கிட்டேருந்து போனதுதான், வாட்ஸ்அப்ல கூட வந்துச்சே" என்று ஒரு குண்டு போட்டார். மூன்று தலைமுறை, மூன்று தீர்ப்பு. நடுவில் நான்.

நான் படித்தது பி.காம். பார்ப்பது வங்கி வேலை. வவுச்சர் இல்லாமல் ஒரு பதிவு போட்டால் ஆடிட்டர் விடமாட்டார் என்பது ரத்தத்தில் ஊறிப் போன விஷயம். சரி, இந்தக் கணக்கையும் சரிபார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இறங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எம்பனாடா. ஸ்பானிய மொழியில் 'பான்' என்றால் ரொட்டி. ரொட்டிக்குள் பொதிந்தது எம்பனாடா, அவ்வளவுதான் பெயருக்குப் பொருள். 1520ல் பார்சலோனாவில் அச்சான ராபர்ட் தெ நோலாவின் கத்தலான் சமையல் புத்தகத்திலேயே இது வந்துவிடுகிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில் இன்றும் எம்பனாடா என்றால் பெரிய தட்டு அளவுக்கு ரொட்டி மாதிரி சுட்டு, துண்டு போட்டுத் தருவது. என் மகள் பார்த்த கையடக்க அரை நிலா வடிவம், அட்லாண்டிக்கைத் தாண்டிப் போன ஸ்பானியர்கள் தென் அமெரிக்காவில் வளர்த்த பிள்ளை. சிலியில் செப்டம்பர் 18 தேசிய விழாவுக்கு அது இல்லாமல் முடியாது. மாட்டுக்கறி, வெங்காயம், அவித்த முட்டை, ஆலிவ், உலர்திராட்சை எல்லாம் உள்ளே போகும். அர்ஜென்டினாவில் ஓரத்தை மடித்து முறுக்கும் விதத்துக்கு 'ரெபுல்கே' என்று தனிப் பெயர். கடைகளில் முறுக்கைப் பார்த்தே உள்ளே கறியா, கோழியா, சோளமா என்று கண்டுபிடித்துவிடலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோதுமை, மாடு, வெங்காயம், ஆலிவ், திராட்சை எதுவும் அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமில்லை. எல்லாம் கப்பலில் போனவை. அங்கிருந்து திரும்பி வந்த கப்பல்களில் உருளைக்கிழங்கும் மிளகாயும் முந்திரியும் இந்தப் பக்கம் வந்தன. நம் டீக்கடை சமோசாவின் வயிற்றில் இருப்பது தென் அமெரிக்கக் கிழங்கு. சிலி நாட்டு எம்பனாடாவின் தோல் நம் பக்கத்துக் கோதுமை. கிளியரிங் ஹவுஸில் செக்கு மாறுகிற மாதிரி மாறியிருக்கிறது :-)

அடுத்தது சமோசா. இதற்கு வவுச்சர் தாராளமாக இருக்கிறது. 1226ல் பாக்தாத்தில் எழுதப்பட்ட அல்-பாக்தாதியின் சமையல் நூலில் 'சன்பூசக்' செய்முறை உண்டு. கறி வைத்து எண்ணெயில் பொரிப்பது. அதோடு நிற்கவில்லை. சீனியும் பாதாமும் பன்னீர் விட்டுப் பிசைந்து உள்ளே வைக்கிற இனிப்பு வகையும் அதிலேயே இருக்கிறது. ஆக இனிப்பு, கறி என்ற இரண்டும் 800 வருடத்துக்கு முன்பே ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கின்றன. அம்மா சொன்ன 'கறி வச்சா கறிச் சோமாசி' நியாயம் பாக்தாத்காரர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அந்தப் பலகாரம் இந்தியாவுக்கு வந்ததற்கு நேரில் தின்றவர் சாட்சி உண்டு. 1330களில் முகமது பின் துக்ளக் காலத்தில் வந்த இபின் பதூதா, கொத்திய கறியைப் பாதாம், வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலாவோடு மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்துப் பரிமாறியதை எழுதி வைத்திருக்கிறார். (இந்த மனிதர் பிறகு நம் மதுரைக்கும் வந்தார். அப்போது அங்கே சுல்தான் ஆட்சி. சுல்தான் இவருக்கு உறவும்கூட. ஆனால் சமோசா தின்ற கதை வடக்கே நடந்தது.) 1500ஐ ஒட்டி மாண்டு சுல்தானுக்காக எழுதிய நிமத்நாமாவில் சமோசாவுக்கு மட்டும் பல செய்முறைகள், படங்களோடு. அக்பர் காலத்து அயினி அக்பரியும் 'சன்பூசா' என்று பெயர் சொல்லியே குறிக்கிறது.

சோமாசி, சமோசா, சன்பூசா என்று ஒலி ஒத்துப்போவதால், சோமாசி அங்கிருந்து வந்தது என்று சட்டென்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்து ஒத்திருக்கிறது என்பதற்காக மட்டும் செக்கைப் பாஸ் பண்ண முடியாது. அப்படிப் பார்த்தால் அறுபத்து மூவரில் ஒருவரான சோமாசி மாற நாயனாரையும் இந்தப் பலகாரத்தோடு சேர்க்க வேண்டி வரும். அவர் பெயரில் உள்ளது சோம யாகம். தேங்காய்ப் பூரணம் இல்லை.

தங்கமணியின் வாட்ஸ்அப் கட்சிக்கும் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அது வராது என்பதுதான் சோகம். மதுரைக்காஞ்சியில் இரவு நேர மதுரைக் கடைத்தெருவில் விற்கும் பண்டங்களைச் சொல்லும்போது, உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் வருகிறது. சங்க காலம். மாவுக்குள் இனிப்பு வைத்து மூடுகிற யோசனை நமக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூரணக் கொழுக்கட்டையை அரை நிலாவாக மடித்து ஓரத்தை விரலால் நசுக்குகிற வீடுகள் எத்தனையோ. அது அரிசி மாவு, ஆவியில் வேகும். அதையே கோதுமைக்கு மாற்றி எண்ணெயில் போட்டால் சோமாசிக்கு ரொம்ப பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

எங்கள் குடியிருப்பில் ஆனேக்கல்லைச் சேர்ந்த ஒரு அக்கா இருக்கிறார். சுத்த சைவம். கௌரி கணேசா பண்டிகைக்கு அவர் வீட்டில் கர்ஜிகாயி. கொப்பரை, பொரிகடலை, வெல்லம், எள். ஆந்திராவில் கஜ்ஜிகாய, மராட்டியத்தில் தீபாவளிக்குக் கரஞ்சி, இந்திக்காரர்களுக்கு ஹோலிக்குக் குஜியா. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஆட்களில் பாதி இந்தியா இருக்கிறது. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர்களை வரிசையில் நிறுத்திக் கேட்டால், இந்த ஒரு பலகாரத்துக்கு அரை டஜன் பெயராவது தேறும்.

இனி, பிறகு சொல்கிறேன் என்று சொன்ன காரணம்.

2024 ஆகஸ்டில் அப்பா தவறிவிட்டார். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பாளையங்கோட்டையில் இருந்திருந்தால் வீட்டில் வைக்க இடம் இருந்திருக்காது. நாங்களோ காரியம் முடிந்த கையோடு அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டோம். இங்கே யாருக்கும் அந்த வழக்கம் தெரியாது, நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தத் தீபாவளியன்று வீட்டில் சட்டியும் இல்லை, தட்டும் வரவில்லை. அம்மா அன்று முழுக்க டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். 2025 தீபாவளிக்கு முன்பே வருஷத் திதி முடிந்துவிட்டது. சுடலாம். ஆனால் "கை வலிக்கி" என்று சொல்லிவிட்டாள். கடையில் வாங்கினோம்.

இரண்டு தீபாவளிக்கும் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் வந்தது. என்னோடு கிளையில் வேலை பார்க்கும் ஒரு மேடம் மங்களூர் கத்தோலிக்கர். டிசம்பர் 2024ல் எல்லோர் வீட்டுக்கும் ஒரு டப்பா 'குஸ்வார்' கொடுத்தார். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். அம்மா டப்பாவைத் திறந்தாள். அச்சுமுறுக்கு இருந்தது. கொங்கணியில் 'கிடியோ' என்ற குட்டிச் சுருள்கள் இருந்தன (கிடியோ என்றால் புழுக்கள்! சாப்பிடுகிற பொருளுக்கு என்ன பெயர் பாருங்கள்). அடியில் நாலு சோமாசி. அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எள்ளு போட்டிருக்கா. யாரோ கொண்டாந்து குடுத்துட்டாங்கல்லா" என்றாள். எனக்குப் புரிந்தது, தங்கமணிக்கும் புரிந்தது. மகளுக்குப் பிறகு சொன்னோம்.

மறுநாள் மேடத்திடம் கேட்டேன். அது 'நெவ்ரி' என்றார். கோவாவில் இந்துக்கள் பிள்ளையார் சதுர்த்திக்குச் செய்வது, கத்தோலிக்கர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்வது, இரண்டும் இதே நெவ்ரிதான். இதுதான் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது.

போர்த்துகீசியர்கள் கோவாவைப் பிடித்தது 1510ல். அங்கே அவர்கள் நடத்திய மத விசாரணை மன்றம் 1560ல் தொடங்கி, நடுவில் சில வருடங்கள் நீங்கலாக, 1812 வரை இருந்தது. 1736ல் அந்த மன்றம் போட்ட ஆணை ஒன்று இருக்கிறது. மதம் மாறியவர்கள் விட்டுவிட வேண்டிய பழைய வழக்கங்களின் பட்டியல். வீட்டில் துளசி வைக்கக் கூடாது, ஆண்கள் வேட்டி கட்டக் கூடாது, பெண்கள் சோளி போடக் கூடாது என்று போகிறது. சோற்றை உப்புப் போடாமல் வடிப்பது இந்துக்கள் வழக்கம், அதனால் அப்படி வடிக்கக் கூடாது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். உலைப்பானை வரைக்கும் எட்டிப் பார்த்த சர்க்கார்! கோவாவிலிருந்து பதினாறாம் நூற்றாண்டு முதலே குடும்பம் குடும்பமாக ஆட்கள் தெற்கே கன்னட தேசத்துக் கரைக்கு இறங்கினார்கள். விசாரணை மன்றத்துக்குப் பயந்தவர்கள், பஞ்சத்துக்குத் தப்பியவர்கள், 1683லும் 1739லும் மராட்டியப் படை வந்தபோது ஓடியவர்கள் என்று பல அலைகள். கெளதி நாயக்கர்கள் நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அவர்கள் வாரிசுகள்தான் மங்களூர் கத்தோலிக்கர்கள். 1784ல் திப்பு சுல்தான் அவர்களில் பல்லாயிரம் பேரைச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றதும், 1799ல் அவர் இறந்த பிறகே மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்பியதும் தனிக்கதை.

இத்தனைக்கும் நடுவில் நெவ்ரி பிழைத்திருக்கிறது. சாமி மாறியது, பண்டிகை மாறியது, ஊர் மாறியது. பிள்ளையாருக்கு வைத்ததைக் குழந்தை யேசுவுக்கு வைத்தார்கள். பூரணம் அதே தேங்காயும் எள்ளும்.

சரி, போர்த்துகீசியர்களே எம்பனாடாவைக் கொண்டுவந்து கொடுத்து, அதுதான் நெவ்ரியாகவும் சோமாசியாகவும் மாறியிருக்கலாமே? மகள் கட்சிக்கு நான் யோசித்த வாதம் இது. இணையத்தில் பலரும் இதை எழுதுகிறார்கள். எனக்கு அது நிற்கவில்லை. காரணம், எம்பனாடாவின் சொந்தத் தம்பி கோவாவுக்கு வந்தது உண்மை. இன்றும் அங்கே பேக்கரிகளில் இருக்கிறது. போர்த்துகீசியத்தில் 'எம்பாடா', சின்னதாக இருந்தால் 'எம்பாதின்யா'. கோழிக்கறி வைத்துக் குட்டி வட்ட அச்சில் மூடிபோட்டு அவனில் சுட்டது. வடிவம் வட்டம், பெயர் போர்த்துகீசியம். அவர்கள் கொண்டுவந்த பொருள் பெரும்பாலும் பெயரோடுதான் வந்து இறங்கியிருக்கிறது. நான் காலையில் கிளைக்குப் போய் சாவி வாங்கி, அலமாரியைத் திறந்து, மேஜையில் உட்கார்ந்து, நகைக்கடன் ஏல நோட்டீஸில் கையெழுத்துப் போடுகிறேன். சாவி, அலமாரி, மேஜை, ஏலம் நாலும் போர்த்துகீசியச் சொற்கள். நெவ்ரிக்கும் கர்ஜிகாயிக்கும் சோமாசிக்கும் அந்த முத்திரை கிடையாது. அச்சுமுறுக்கு விஷயம் வேறு. அதை இலங்கையில் கொக்கிஸ் என்பார்கள், டச்சு மொழியின் பிஸ்கட் பெயர் அது. வெளியிலிருந்து வந்தது பெயரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எனவே என் தணிக்கை அறிக்கை: உள்ளே பூரணம் வைக்கிற யோசனை நம்முடைய மோதகக் கணக்கில். கோதுமைத் தோலுக்குள் வைத்து நெய்யில் பொரிப்பதில் சன்பூசாக்காரர்களுக்குப் பெரும் பங்கு. எம்பனாடா அதே தெருவில் வேறு வீடு. ஸ்பெயினில் அரபு ஆட்சி பல நூற்றாண்டுகள் இருந்தது. அந்த வழியில் இரண்டு வீட்டுக்கும் பின்வாசல் தொடர்பு இருக்கலாம் என்று சொல்வார்கள். மாவில் பொதிந்து சுடும் பழக்கம் ஐரோப்பாவுக்கு அதற்கு முன்பே உண்டு என்பதால் நான் அந்தப் பதிவில் கையெழுத்துப் போடவில்லை.

நிஜமாகவே கலந்த பலகாரம் பார்க்க வேண்டும் என்றால் சிங்கப்பூர், மலேசியா போக வேண்டும். அங்கே 'கறி பஃப்', மலாயில் கரிபாப். ஆங்கிலேயரின் மடித்த பேஸ்ட்ரி, நம் கறிமசாலா, அமெரிக்கக் கிழங்கு, மலாக்காவில் 1511லேயே வந்து இறங்கிய போர்த்துகீசியர் என்று எல்லாரும் உரிமை கொண்டாடுகிறார்கள். அரை நிலா வடிவம், ஓரத்தில் கயிறு முறுக்கு. சீனர் ஒருவர் 1956ல் மெக்கென்சி ரோட்டில் ரெக்ஸ் தியேட்டர் பக்கம் ஒரு காப்பிக் கடையில் போட்ட சின்ன ஸ்டால்தான் இன்று ஓல்டு சாங் கீ என்ற பெரிய சங்கிலிக் கடை. யாழ்ப்பாணத்தார் வீட்டுப் பற்றீஸும் கிட்டத்தட்ட இதே ரகம்.

வரலாறு போதும். அடுத்த ஞாயிறு அடுப்படிக்குப் போனோம்.

ஆலிவ் தேடி எலக்ட்ரானிக் சிட்டி வரை போனேன். 2025 ஆகஸ்டில் மஞ்சள் வழி மெட்ரோ வந்த பிறகு இதெல்லாம் சுலபம், ஓசூர் ரோட்டில் வெந்து சாக வேண்டாம். கறி சந்தாபுராவில் வாங்கினேன். மாட்டுக்கறி கிடையாது, ஆட்டுக் கொத்துக்கறிதான். கறி அளவுக்கே வெங்காயம். ஒரு கிழங்கு பொடியாக நறுக்கி, மிளகாய்த்தூள், உப்பு. அர்ஜென்டினாவில் சீரகமும் போடுவார்கள் என்று மகள் வாசித்துச் சொன்னபோது அம்மாவுக்கு அவர்கள் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது. "சீரகம் போடுதாங்களா? அப்பம் சரி." ஆலிவ் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பிவிட்டாள். உப்பு மாங்காய் கெட்டுப்போன மாதிரி இருக்கிறதாம். ஆலிவ் ரத்து. உலர்திராட்சையும் முட்டையும் பாஸ்.

மைதாவில் உருக்கிய நெய் விட்டுப் பிசறி, கெட்டியாகப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். (அம்மாவின் அம்மா ரவையை ஊறவைத்து இடித்துத்தான் செய்வாளாம். மைதா பின்னாடி வந்த சௌகரியம்.) முதல் ஈடு நானும் மகளும். கறி ஆறுவதற்குள் அவசரப்பட்டு வைத்துவிட்டோம். சூட்டில் மாவு இளகி, எண்ணெயில் போட்டதும் ஆறில் நாலு வாயைப் பிளந்தன. கறி சட்டி முழுக்க நீச்சல். தங்கமணி ஜன்னலைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அந்த மௌனத்துக்கு விலை உண்டு.

"தள்ளுங்க" என்று அம்மா எழுந்து வந்தாள்.

பெட்டியிலிருந்து சோமாசிக் கரண்டியை எடுத்தாள். பித்தளை. ஒரு முனையில் கரண்டி, மறுமுனையில் பல் வைத்த குட்டிச் சக்கரம். பாளையங்கோட்டை வீட்டைக் காலி பண்ணும்போது புடவைக்கு நடுவில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது. இந்தப் பல் சக்கரமும் பயணக்காரன்தான். 1570ல் வெனிஸில் அச்சான ஸ்காப்பியின் சமையல் நூலில் மாவை இப்படி ஒரு சக்கரத்தால் வெட்டச் சொல்கிறார். போர்த்துகீசியர்கள் இதைக் 'கரெத்தில்யா' என்பார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க கிட்டயும் இருக்கட்டும்" என்றாள்.

மகளுக்கு ரெபுல்கே முறுக்கு வரவில்லை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அம்மா போனைப் பார்க்கவே இல்லை. கட்டை விரலால் ஓரத்தை மடித்து மடித்துக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டே போனாள். கை வலி என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கறி வைத்தது இருபத்தி மூன்று. ஒன்றுகூடப் பிளக்கவில்லை. மாவு மிஞ்சியது. "தேங்கா இருக்கா?" என்றாள். துருவி வறுத்து, பொரிகடலை பொடித்து, சீனியும் ஏலக்காயும் கசகசாவும் சேர்த்து, பொரிப்பதற்கு வேறு சட்டியில் புது எண்ணெய் வைக்கச் சொன்னாள். அதில் ஒரு பதினெட்டு வந்தது. இது ஓரம் சக்கரத்தால் வெட்டியது, முறுக்கு இல்லை.

சாயங்காலம் இரண்டு தட்டு எடுத்து, துணி போட்டு மூடி, என் கையில் கொடுத்தாள்.

"முறுக்கு வச்சது மங்களூர்க்காரங்களுக்கு. வெட்டுனது ஆனேக்கல் அக்காவுக்கு. மாத்திக் குடுத்துராத."